41.70 எங்கிருந்து வந்தது

1

இந்தக் கதை ஒரு எண்ணிலிருந்து வந்தது. உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்மேல் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. மனதைத் தொட்ட முகம், மறக்க முடியாத பயணம் என்று பீற்றிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. 41.70. அவ்வளவுதான். எட்டு மாதமாக ஒரு கையேட்டின் பதினோராம் பக்கத்தில் சிவனே என்று கிடந்த எண். போன வாரம் அது ஓர் ஆளைக் கவிழ்த்துவிட்டது.

இன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் அந்த ஆளுக்கு எழுத்தில் ஒரு பதில் போயாக வேண்டும். என்ன பதில் என்பதுதான் கதை. உண்மையை எழுதினால் அந்தக் கையேட்டை எழுதியவளுக்கு வேலை போகும். வேலை போனால் ஆபீஸ் காப்பீடு போகும், அந்தக் காப்பீட்டில்தான் அவளுடைய தங்கையின் சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையை எழுதாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒன்றுமே ஆகாது என்பதுதான் சிக்கல்.

இப்போது மணி இரண்டு பத்து.

எப்படி ஆரம்பிப்பது என்று மதியத்திலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். தூக்கிப்போட்டவற்றையும் அப்படியே விட்டுவைக்கிறேன், பாருங்கள்.

[ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற வானம் கவிந்து]

அந்த ஆபீஸில் ஜன்னலே கிடையாது. ஏழு மேசை, ஒரு பிரின்டர், அதன் நெற்றியில் ‘இரண்டாம் தட்டில் தாள் வைக்காதே’ என்று ஒட்டிய சீட்டு, எப்போதும் முனகிக்கொண்டிருக்கும் ஏசி. வானத்துக்கு இங்கே என்ன வேலை?

[அவள் மனிதர்களுக்காக எழுதவில்லை. ஆனால் ஒரு நாள் ஒரு மனிதன்]

இதில் சினிமா விளம்பர வாடை அடிக்கிறது.

[கையேட்டுக்காரிக்குத் திங்கட்கிழமை காலை பத்தரைக்கு போன் வந்தது.]

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போவோம்.

2

கையேட்டுக்காரிக்குத் திங்கட்கிழமை காலை பத்தரைக்கு போன் வந்தது.*

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று சொல்லாமல் மேலே போனால் நீங்கள் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அந்த நிறுவனம் ஒரே ஒரு டூலை, அதாவது ஒரு மென்பொருளை, விற்கிறது. பங்குச் சந்தையில் ஆப்ஷன் என்று ஒன்று உண்டு. இன்ன தேதிக்குள் இன்ன பங்கை இன்ன விலைக்கு வாங்கலாம் என்கிற உரிமை அது. தேதி தாண்டிவிட்டால் எதற்கும் ஆகாது. இந்த உரிமைகள் இப்போது என்ன விலைக்குக் கைமாறுகின்றன என்று கேட்டால் டூல் சொல்லும். கேட்பது நீங்களோ நானோ இல்லை, ஏஜென்ட். அதாவது நமக்குப் பதிலாகப் போய் விசாரித்து வந்து, வாய் நிறைய எடுத்துச் சொல்கிற செயற்கை அறிவு. டூலை எப்படிக் கேட்பது, வந்த விடையை எப்படிப் புரிந்துகொள்வது என்று அந்த ஏஜென்டுக்கு ஒரு கையேடு வேண்டும். அதை எழுதுவதுதான் இவள் பிழைப்பு.

மனிதர்களுக்குக் கையேடு எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கண்ணீர் விடுவார்கள். எவனும் படிக்க மாட்டான். ஏஜென்ட் அப்படி இல்லை. ஒரு எழுத்து விடாமல் படிக்கும், கொட்டாவி விடாது, ‘எனக்குத் தெரியாதா’ என்று முகத்தைத் திருப்பாது. இப்படி ஒரு வாசகன் கிடைக்க மாட்டானா என்று எழுதுகிற எவனும் ஏங்குவான். அதற்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். விதி, விளக்கம், எடுத்துக்காட்டு எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கும். ‘சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்ப்பா’ என்று நாம் நழுவுவோமே, அந்த நழுவல் அங்கே எடுபடாது.

போனில் வந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பேச்சுக்கு நடுவே எங்கோ இரும்புக் கதவு மூடிக்கொண்டது, அவர் யாரையோ ‘கொஞ்சம் இரு’ என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரிடம் ஓர் ஆப்ஷன் இருந்தது. போன வாரம் வியாழக்கிழமையோடு அதன் தேதி முடிந்தது. விற்றுவிடலாமா, பொறுக்கலாமா என்று தினமும் காலையில் தன் போனில் இருக்கும் உதவியாளரிடம், அதாவது ஏஜென்டிடம், விலை கேட்டிருக்கிறார். திங்கள் 41.70. செவ்வாய் 41.70. புதனும் 41.70. விலை இறங்காமல் நிற்கிறது, அவசரம் இல்லை என்று இருந்துவிட்டார். வியாழன் மதியம் அது ஒன்றுமில்லாமல் போனது.

“லிஃப்டு மூணு நாள் ஒரே மாடியில நின்னா கோளாறுன்னு எனக்குத் தெரியும் மேடம். இதுல எனக்குத் தெரியல,” என்றார்.

எவ்வளவு போயிற்று என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இந்த விலை எங்கிருந்து கிடைத்தது என்று உதவியாளரையே கேட்டாராம். அது சமர்த்தாகக் கையேட்டின் முகவரியைக் கொடுத்திருக்கிறது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு போன் நம்பர். அந்த நம்பர்தான் இப்போது அவள் காதில்.

“காச திருப்பிக் குடுங்கன்னு நான் கேக்கல. அந்த நாப்பத்தொண்ணு எழுபது எங்கேருந்து வந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க.”

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. எண்ணைக் கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது.

* அவளுக்குச் சொந்தப் பெயர் உண்டு. எழுத மாட்டேன். எழுதினால் தேடிப் பிடித்துவிடுவீர்கள், எனக்கு உங்களைத் தெரியும்.

3

[எட்டு மாதங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில்]

தாழ்வாரம் நீளமில்லை. எட்டு நாற்காலி போடலாம், அவ்வளவுதான். அங்கே ஓர் எடை மெஷின். கையேட்டுக்காரியின் தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நின்றாள். நர்ஸ் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: 41.70.

“பரவால்லக்கா, போன தடவ மாதிரியேதான் இருக்கேன்,” என்றாள் தங்கை. அதில் அவளுக்கு ஒரு பெருமை. நோய் வந்த பிறகு எடை இறங்காத முதல் மாதம் அது.

தங்கையை வீட்டில் விட்டுவிட்டு கையேட்டுக்காரி நேராக ஆபீஸ் வந்தாள். சீட்டு கைக்குள்ளேயே இருந்தது. பதினோராம் பக்கத்தை அன்று மதியத்துக்குள் முடித்தாக வேண்டும். டூல் அனுப்பும் விடை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி: பங்கின் பெயர், தேதி, விலை. விலைக்கு எதிரே ஏதாவது ஓர் எண் வேண்டும். பொய்யாகத் தெரியக் கூடாது. 100 என்று போட்டால் பொம்மை மாதிரி இருக்கும். சீட்டைப் பார்த்தாள், 41.70 என்று தட்டினாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மாற்றியிருக்கலாம். எத்தனையோ தடவை அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள், காற்புள்ளி திருத்தியிருக்கிறாள், ஒரு வாக்கியத்தை மேலே தூக்கிப் போட்டிருக்கிறாள். இதற்குள் ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் 40.10 வந்தது. 38.60 வந்தது. அதற்கடுத்த சீட்டை அவள் யாரிடமும் காட்டவில்லை. பதினோராம் பக்கத்தில் மட்டும் தங்கை இளைக்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, போன தடவை மாதிரியேதான் இருக்கேன் என்று பெருமையாக நின்றுகொண்டிருந்தாள். அவளைப் போய் யார் அழிப்பார்கள்?

நடந்தது இவ்வளவுதான். லிஃப்ட் மெக்கானிக் வைத்திருந்த ஆப்ஷனை அந்த மூன்று நாளும் யாரும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. டூல் ஒழுங்காக ‘வெற்று’, அதாவது சொல்ல விலை இல்லை, என்றுதான் விடை அனுப்பியது. உதவியாளருக்கு வெறுங்கையோடு வந்து நிற்க மனமில்லை. கையேட்டில், விலை என்ற இடத்துக்கு எதிரே, பார்க்க லட்சணமாக ஓர் எண் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டது.

போன் வந்த திங்கட்கிழமை மதியமே அவள் 41.70ஐ எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் வெறும் கோடு போட்டாள். கீழே ஒரு விதியும் எழுதினாள்: ‘விலை வெற்றாக வந்தால் வெற்று என்றே சொல். எடுத்துக்காட்டில் உள்ளதை எடுத்து நிரப்பாதே.’ எழுதிவிட்டுக் கழிப்பறைக்குப் போனவள் இருபது நிமிடம் கழித்துத்தான் வந்தாள்.

4

மேலாளரை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. நல்ல மனுஷன். ஒரு தடவை அவளுக்காகக் காப்பீட்டுக்காரர்களோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, தங்கையின் பெயரை உள்ளே சேர்க்க வைத்தவர். அப்படிப்பட்டவர்தான் புதன்கிழமை, லிஃப்ட் மெக்கானிக் இரண்டாவது தடவையும் கூப்பிட்ட பிறகு, அவளை அறைக்குள் அழைத்தார்.

எழுத்தில் பதில் தருகிறோம், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் என்று மெக்கானிக்கிடம் சொல்லியாயிற்று என்றார். என்ன எழுத வேண்டும் என்றும் சொன்னார்: டூல் சரியாகத்தான் பதில் அனுப்பியது, தவறு உதவியாளரை உருவாக்கியவர்களுடையது, அவர்களிடம் கேட்டுக்கொள்ளவும். நாலு வரி போதும். ஒரு வரிகூடப் பொய் இல்லை.

“அவர் கேக்கறது அது இல்லயே சார். நம்பர் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கறாரு.”

“இதப் பாரும்மா. எழுத்துல ஒத்துக்கிட்டா மேல இருக்கறவங்க யாரு எழுதினதுன்னு கேப்பாங்க. உன் பேரச் சொல்லாம என்னால இருக்க முடியாது. உன் தங்கச்சிய நெனச்சுக்கோ.”

அவள் வெளியே வந்தாள். அவர் மிரட்டவில்லை. அவர் சொன்னதெல்லாம் உள்ளதுதான். அதனால்தான் அவளால் அவரிடம் கோபப்படக்கூட முடியவில்லை.

இந்த இடத்தில் இன்னொருவன் வர வேண்டும். அவனைப் பற்றி எனக்குச் சந்தேகம். டெஸ்டர். எதுவும் வெளியே போகும் முன் சோதித்து, கீழே ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் பெயர் போடுகிறவன். எதுவும் இவனைத் தாண்டிப் போகாது என்று ஆபீஸில் ‘சல்லடை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சல்லடையில் ஓட்டைதானே அதிகம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஐம்பத்திரண்டு வயது, தினமும் ஒரே டப்பாவில் சாப்பாடு. கதைக்கு இவன் தேவையா? முதல் பிரதியில் இவன் இல்லை. அவள், மெக்கானிக், மேலாளர், தங்கை. நாலு பேரோடு கச்சிதமாக இருந்தது. ஐந்தாவது ஆளைச் சேர்த்தால் கதை கோணிக்கொள்கிறது.

[சல்லடை தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்து, ‘என்ன ஆச்சு’ என்று]

கேட்கவில்லை. அவன் எட்டிப் பார்க்கவே இல்லை.

5

மணி மூன்று இருபது. முடிவுக்கு வருவோம். மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது. கையேட்டுக்காரி உண்மையை எழுதுகிறாள்: ‘ஐயா, அது என் தங்கையின் எடை.’ மெக்கானிக் அதை லிஃப்டுக்குள் நின்று படிக்கிறார், கண் கலங்குகிறது, புகாரை விட்டுவிடுகிறார். படிக்க நன்றாக இருக்கும். மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை. அவர் கண் கலங்குவாரா, கெட்ட வார்த்தை சொல்வாரா, எனக்கு எப்படித் தெரியும்? அவர் என்ன நினைப்பார் என்று தெரியாமல், பொருத்தமாக இருக்கிறதே என்று ஒன்றை எடுத்து வைக்கிறேன். உதவியாளர் செய்ததும் இதைத்தானே.

இரண்டாவது. மேலாளர் சொன்ன நாலு வரியை அனுப்புகிறாள். மெக்கானிக் உதவியாளரை விற்றவர்களைக் கூப்பிடுகிறார். அவர்கள் கையேட்டைக் கைகாட்டுகிறார்கள். இவர்கள் அவர்களைக் கைகாட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் அவருக்கே அலுத்துப்போகிறது. உலகத்தில் பாதி இப்படித்தான் முடிகிறது, அதனால் இதை எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது. வியாழக்கிழமை தங்கை

இல்லை. அவள் செத்துவிட்டால் காப்பீடு தேவைப்படாது, அக்கா பயமில்லாமல் உண்மையை எழுதலாம், கதைக்கு ஒரு வழி பிறக்கும். ஒரு கடிதத்தை அனுப்புவதற்காக ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்தேன். எழுதுகிறவன் புத்தி எப்படியெல்லாம் போகிறது பாருங்கள். அந்த வாக்கியத்தை அழிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்களும் தெரிந்துகொள்ளத்தான்.

6

இதற்கு மேலும் மென்று முழுங்கிக்கொண்டிருக்க முடியாது. சல்லடை நான்தான்.

அந்தப் பதினோராம் பக்கம் எட்டு மாதம் முன்பு என்னிடம்தான் சோதனைக்கு வந்தது. வெற்று விடை வந்தால் ஏஜென்ட் என்ன செய்யும் என்று ஓட்டிப் பார்ப்பது என் வேலை. ஓட்டினேன். பத்துத் தடவையில் இரண்டு தடவை அது 41.70 என்றது. என் கண்ணால் பார்த்தேன்.

அவள் மேசைக்குப் போய், எண்ணை எடுத்துவிட்டுக் கோடு போடுங்கள் என்று சொல்லத்தான் எழுந்தேன். அவள் கீபோர்டுக்கு மேலே அந்தத் துண்டுச் சீட்டை ஒட்டி வைத்திருந்தாள்.

“தங்கச்சிங்க,” என்றாள். “இந்த மாசம் எறங்கல.” முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, அதை அழியுங்கள் என்று எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்து பெயரைப் போட்டுவிட்டேன். சொல்வதற்குள் அடுத்த சீட்டில் 40.10 வந்தது. அதற்குப் பிறகு சொல்ல எனக்கு வாயே வரவில்லை.

பத்தில் இரண்டு. என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது, அவளுக்கும் தெரியாது. முழுப் பழியும் தன்னுடையது என்றுதான் இந்த ஐந்து நாளும் அவள் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறாள். நான் எதிர்மேசையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் தலைநிமிரும்போதெல்லாம் ஸ்கிரீனில் ஏதோ தேடுகிறவன் மாதிரி நடித்தேன். வெட்கமாக இருக்கிறது.

இரக்கத்தினால் செய்தேன் என்று சப்பைக்கட்டு கட்டலாம். முதல் நாள் இரக்கம்தான், சத்தியமாக. திங்கட்கிழமையிலிருந்து அது பயம். நான் செய்கிற சோதனையைச் செய்யவும் இப்போது ஏஜென்ட் வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் இங்கிருந்து அனுப்பினால் எவன் என்னைச் சீந்துவான்?

7

மணி நாலு நாற்பது. கதையில் இனிமேல் நடப்பதெல்லாம் இப்போதுதான் நடக்கிறது.

இன்று மதியம் அவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். படியிலிருந்தே எனக்கு ஒரு மெயில் தட்டியிருக்கிறாள். அதில் இரண்டு கடிதங்கள். ஒன்றில் மேலாளரின் நாலு வரி. இன்னொன்றில் நாலு பத்தி: எடை மெஷின், செருப்பு, துண்டுச் சீட்டு, மாற்றாமல் விட்டது, மன்னிப்பு. மேலே ஒரே வரி: ‘ரெண்டுல எதயாவது நீங்களே பாத்து அனுப்பிடுங்க. எனக்கு இப்ப யோசிக்கத் தெம்பு இல்ல.’

இரண்டின் அடியிலும் ஒரே மாதிரி இரண்டு இடங்கள். எழுதியவர்: அவள் பெயர். சரிபார்த்தவர்: ஒன்றுமில்லை. அந்த இடம் நிரம்பாமல் கடிதம் இங்கிருந்து நகராது.

மூன்றாவதாக ஒரு கடிதமும் உண்டு, நான் எழுத வேண்டியது. ‘எண் அங்கே இருந்தது, அது ஏமாற்றும் என்று சோதனையில் எனக்குத் தெரிந்தது, தெரிந்தே விட்டேன்.’ அப்படி எழுதினால் மேலே இருக்கிறவர்களுக்கு என் பெயர் போதும், அவளுடையதைத் தேட மாட்டார்கள். எழுத ஆரம்பித்தேன்.

[ஐயா, தாங்கள் கேட்ட எண்]

[ஐயா, நான் இந்த நிறுவனத்தில்]

[ஐயா]

இதே நேரத்தில் உங்களுக்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன் பாருங்கள். உங்களிடம் சொல்வதற்கு எனக்குப் பயமில்லை. நீங்கள் என்னை வேலையை விட்டுத் தூக்க முடியாது.

நாலு ஐம்பத்தாறு. அவள் மேசையில் போன் அடித்தது. வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. போய் எடுத்தேன்.

“மேடம் இல்லீங்களா?” பின்னால் இரும்புக் கதவு மூடும் சத்தம்.

“இல்லீங்க. ஆஸ்பத்திரி போயிருக்காங்க. தங்கச்சிக்கு முடியல.”

அந்தப் பக்கம் அவர் யாரையோ ‘கொஞ்சம் இரு’ என்றார்.

“அய்யய்யோ. அப்ப இன்னிக்கு வேணாங்க, பாவம். மெதுவா அனுப்பச் சொல்லுங்க. நான் அப்புறமா கேட்டுக்கறேன்.”

விட்டது தொல்லை என்று வைத்திருக்கலாம். அவரே வழி விட்டுவிட்டார். சரிங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

“நீங்க அவங்ககூட வேல பாக்கறவங்களா சார்? அது எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

என் பதில்:

[வெற்று]

இந்த இடத்தில் நல்லவன் ஒருவன் என்ன சொல்வான் என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை கதைகளில் படித்திருப்பீர்கள். அதிலிருந்து ஒன்றை எடுத்து எனக்காக இங்கே நிரப்பாதீர்கள்.

ரிசீவர் தோளில் இருக்கிறது, இதை அவள் கீபோர்டில் ஒரு கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். துண்டுச் சீட்டை ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் இருக்கிறது. அவர் இன்னும் லைனில் இருக்கிறார்.